வலைக்குப் பின்னால் – 12: ஒரு வரி, இரண்டு வாசிப்பு

2017 மார்ச் 7. ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கைப் பராமரிக்கும் குழு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. உலகெங்கும் பெரிய நிறுவனங்களின் இணையதளங்கள் அந்த ஃபிரேம்வொர்க்கின் மேல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பிழைக்குக் கொடுத்த எண் சிவிஇ-2017-5638. பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லை, லாகின் ஆக வேண்டியதில்லை. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பி, அந்த சர்வரில் தனக்கு வேண்டிய கட்டளையை ஓட்டிவிடலாம். அந்தக் கட்டளையை எழுதி அனுப்பும் இடம், கன்டென்ட்-டைப் என்ற ஹெடர் வரி.

‘இத்துடன் வரும் உள்ளடக்கம் இன்ன வகை’ என்று சொல்வதைத் தவிர அந்த வரிக்கு வேறு வேலை கிடையாது. படமா, படிவமா, ஜேசானா என்ற கேள்விக்கு ஒரு பதில், அவ்வளவுதான். வெப் சர்வீஸ் எழுதுகிறவர்களின் கண்ணில் தினமும் படுகிற, பட்டும் நிற்காமல் கடந்துபோகிற வரி. அதைச் சரியாகப் படிக்காமல் விட்டதால் கடந்த சில ஆண்டுகளில் மட்டும் எத்தனை பெரிய சேதங்கள் நடந்திருக்கின்றன என்று பார்த்தால், இந்தத் தொடரில் இதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கியது அதிகமில்லை என்று தெரியும்.

வரி பிறந்தது வெப்புக்காக அல்ல, மின்னஞ்சலுக்காக. 1980களின் மின்னஞ்சலில் வெறும் ஆங்கில எழுத்துகள் மட்டுமே போகும். படமோ ஒலியோ போகாது; தமிழும் போகாது. 1992 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த நதானியேல் போரன்ஸ்டைன், தாம் பாடும் நால்வர் குழுவின் புகைப்படத்தையும் அவர்கள் பாடிய பாட்டையும் ஒரு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார். அதே ஆண்டு ஜூனில் அவரும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து எழுதிய ‘மைம்’ வரையறை வெளிவந்தது. ‘வகை, சாய்கோடு, உட்பிரிவு’ என்று இன்று நாம் காணும் வடிவம் அங்கிருந்து வந்ததுதான்: டெக்ஸ்ட்/பிளெய்ன், இமேஜ்/ஜிஃப், ஆடியோ/பேசிக்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் வகுத்த முதல் எச்டிடிபியில் ஹெடர் என்பதே கிடையாது. கேட்பது ஒரு வரி; வருவது எச்டிஎம்எல் மட்டும். வேறு எதுவும் வராது என்பதால் வகையைச் சொல்லும் தேவையே எழவில்லை. படங்களும் படிவங்களும் சேர்ந்த பிறகு மின்னஞ்சலின் அந்த வரியை வெப்பும் எடுத்துக்கொண்டது. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் அது இடம்பெற்றது. இப்போது நடைமுறையில் இருப்பது 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110.

அந்த ஆவணம் சொல்லும் இலக்கணம் சின்னதுதான். வகை, உட்பிரிவு இரண்டிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. அரைப்புள்ளிக்குப் பிறகு அளவுருக்கள் வரலாம்; அவை ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் இருக்கும். அந்தப் பெயர்களிலும் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. மதிப்பை மேற்கோள் குறிக்குள்ளும் வைக்கலாம்; அப்படி வைத்தால் அதற்குள் அரைப்புள்ளி, காற்புள்ளி எதுவும் வரலாம். மதிப்பில் எழுத்து வேறுபாடு உண்டா என்பது அளவுருவைப் பொறுத்தது. ‘கேரக்டர்செட்’டுக்கு இல்லை. ‘பவுண்டரி’க்கு உண்டு.

கேரக்டர்செட் எவ்வளவு முக்கியம் என்பது தமிழில் படிக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. யூடிஎஃப்-8-ல் ‘அ’ என்ற ஓர் எழுத்து மூன்று பைட். இது யூடிஎஃப்-8 என்று சர்வர் சொல்லாமல் விட்டு, பிரவுசர் மேற்கத்திய எழுத்துத் தொகுதி என்று எடுத்துக்கொண்டால், அந்த மூன்று பைட்டும் மூன்று தனிக் குறிகளாகத் திரையில் விழும். பக்கம் முழுக்கத் தொப்பி போட்ட லத்தீன் எழுத்துகளாக வந்து நின்ற தமிழ்ப் பக்கங்களைப் பார்த்துப் பழகிய தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குக் காரணம் இந்த ஒரு அளவுரு.

இலக்கணம் இவ்வளவு சின்னது என்பதாலேயே, ‘இதற்கு எதற்கு ஒரு பார்சர்? நாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று புரோகிராமருக்குத் தோன்றிவிடுகிறது. வந்த வரி ‘அப்ளிகேஷன்/ஜேசான்’ என்பதற்குச் சமமா என்று ஓர் இஃப் எழுதிவிடுகிறார். தன் கணினியில் ஓடுகிறது. வாடிக்கையாளர் தரப்பு மென்பொருள் ‘அப்ளிகேஷன்/ஜேசான்; கேரக்டர்செட்=யூடிஎஃப்-8’ என்று அனுப்பிய நாளில் உடைகிறது. ஜேசானுக்குக் கேரக்டர்செட் என்ற அளவுருவே வரையறுக்கப்படவில்லை; இருந்தும் எண்ணற்ற லைப்ரரிகள் அதைச் சேர்த்துத்தான் அனுப்புகின்றன. சர்வர் 415 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்ப, இரண்டு பக்கத்து டெவலப்பர்களும் ‘நாங்கள் ஜேசான்தான் அனுப்புகிறோம்’, ‘நாங்கள் ஜேசானைத்தான் ஏற்கிறோம்’ என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

எழுத்து வேறுபாட்டில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. எதற்கு வம்பு என்று வரி முழுவதையும் சிறிய எழுத்தாக மாற்றிவிட்டு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. ஜேசானுக்கு இது ஒத்துவரும். கோப்பு ஏற்றும் படிவத்தில் கதை வேறு. குரோமும் சஃபாரியும் ஒரு கோப்பை அனுப்பும்போது, பகுதிக்குப் பகுதி இடையில் எல்லைக்கோடாக ஒரு சரத்தை உருவாக்குகின்றன. நான்கு சிறு கோடுகள், ‘வெப்கிட்ஃபார்ம்பவுண்டரி’ என்ற சொல், அதன் வாலில் பெரிதும் சிறிதுமாகக் கலந்த எழுத்துகளும் எண்களும். ஹெடரில் ‘பவுண்டரி=’ என்று சொன்ன அதே சரம் உடலில் எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தால்தான் கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சர்வருக்குத் தெரியும். ஹெடரை மட்டும் சிறிய எழுத்தாக்கிவிட்டால் இரண்டும் பொருந்தாது. கோப்பு வந்திருக்கும், சர்வர் கண்ணுக்குத் தெரியாது.

சமமா என்று கேட்டு அடிபட்டவர் அடுத்துச் செய்வது, ‘உள்ளே எங்காவது இருக்கிறதா?’ என்று கேட்பது. கேரக்டர்செட் வந்தாலும் உடையாது, இடைவெளி வந்தாலும் உடையாது. புகார்கள் நின்றுவிடும். ஸ்ட்ரட்ஸில் நடந்ததும் இதுதான்.

ஸ்ட்ரட்ஸுக்கு ஒரு கோரிக்கை வந்ததும் முதல் சோதனை, கன்டென்ட்-டைப் வரிக்குள் ‘மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா’ என்ற சொல் எந்த இடத்திலாவது இருக்கிறதா என்பது. இருந்தால் இது கோப்பு ஏற்றும் கோரிக்கை என்று முடிவு கட்டி, கோப்பைப் பிரிக்கும் லைப்ரரியிடம் ஒப்படைத்துவிடும். வண்டியின் ஏதாவது ஒரு மூலையில் ‘ஆம்புலன்ஸ்’ என்று எழுதியிருந்தால் போதும் என்று கேட்டைத் திறந்துவிடும் காவலாளி செய்கிற காரியம். தாக்க வந்தவர்கள் அந்த வரியில் ஒரு நீண்ட கட்டளைக் கோவையை எழுதி, அதன் நடுவில் ஒரு மாறியின் மதிப்பாக ‘மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா’ என்ற சொல்லைச் செருகியிருந்தார்கள். சொல் இருக்கிறது, முதல் கதவு திறந்தது.

கோப்பைப் பிரிக்கும் லைப்ரரி அதே வரியை வேறு விதமாகப் படித்தது. அது கேட்ட கேள்வி, ‘வரி மல்டிபார்ட் என்று தொடங்குகிறதா?’ என்பது. தொடங்கவில்லை. ‘இது மல்டிபார்ட் இல்லை; வந்த கன்டென்ட்-டைப் இது’ என்று சொல்லி, வந்த வரியை முழுசாக ஒட்டி ஒரு பிழைச் செய்தியை எழுப்பியது. அதுவரை லைப்ரரி செய்தது சரி. அந்தப் பிழைச் செய்தியை ஸ்ட்ரட்ஸ் வாங்கி, பயனருடைய மொழியில் காட்டுவதற்காக ஒரு மொழிபெயர்ப்புப் பகுதிக்கு அனுப்பியது. அந்தப் பகுதிக்கு ஒரு பழக்கம் உண்டு: செய்திக்குள் ஓஜிஎன்எல் என்ற சிறுமொழியில் கோவைகள் இருந்தால் அவற்றை இயக்கி, விடையை அந்த இடத்தில் போடும். வெளியாள் எழுதிய வரி செய்திக்குள் அப்படியே இருந்தது. இயங்கியது.

ஆக இங்கே இரண்டு தவறுகள் ஒன்றோடொன்று கைகோத்தன. ஒரே வரியை இரண்டு பகுதிகள் இரண்டு விதமாகப் படித்தது ஒன்று. வெளியிலிருந்து வந்த எழுத்து, எந்த வடிகட்டலும் இல்லாமல் உள்ளே ஆழமாகப் பயணித்தது இன்னொன்று. இந்த வாரம் சொல்லப்போகும் பெரும்பாலான கதைகளிலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

அமெரிக்காவின் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்றான ஈக்விஃபாக்ஸுக்கு இந்த எச்சரிக்கை மார்ச் 8-ஆம் தேதியே அரசின் இணையப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து போய்விட்டது. மறுநாள் நிறுவனத்துக்குள் சுற்றறிக்கையும் போனது. 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போட வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் வாடிக்கையாளர்கள் தங்கள் கடன் பதிவில் இருக்கும் தவறுகளைப் பற்றி முறையிடும் ஒரு பழைய தளத்தில் ஸ்ட்ரட்ஸ் இருப்பது தேடலில் சிக்கவில்லை. மே மாதம் 13-ஆம் தேதி திருடர்கள் அதன் வழியாக நுழைந்தார்கள். 76 நாள் உள்ளே இருந்தார்கள். வெளியே போகும் தரவைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் சான்றிதழ் காலாவதியாகி ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆகியிருந்ததால் அது குருடாகக் கிடந்தது. ஜூலை 29-ல் சான்றிதழைப் புதுப்பித்ததும்தான் திருட்டு தெரிந்தது. செப்டம்பர் 7-ல் உலகுக்குச் சொன்னார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் போய்விட்டன. தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2019 ஜூலையில் 57.5 கோடி டாலருக்குக் குறையாமல், தேவைப்பட்டால் 70 கோடி டாலர் வரை தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் சீன ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர்மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

ஈக்விஃபாக்ஸைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ‘திருத்தத்தைப் போடாமல் விட்டார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனால் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விதான் நிரல் எழுதுகிறவர்களுக்கு முக்கியம். பிற்பாடு ஸ்ட்ரட்ஸில், வரி முதலிலிருந்து இன்ன வடிவில்தான் இருக்க வேண்டும், பவுண்டரி 70 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று இறுக்கமான சோதனை வந்தது. அந்த 70 என்ற வரம்பு மைம் ஆவணத்தில் முதலிலேயே எழுதியிருப்பது.

‘உள்ளே இருக்கிறதா?’ என்ற கேள்வி வேறொரு வாசலையும் திறந்துவிடுகிறது. நீங்கள் வங்கித் தளத்தில் லாகின் ஆகியிருக்கும்போது, இன்னொரு தாவலில் திறந்த ஏதோ ஒரு தளம் உங்கள் பெயரில் வங்கிக்குக் கோரிக்கை அனுப்ப முயன்றால் பிரவுசர் தடுக்க வேண்டும். பிரவுசரின் விதி இது: மூன்று வகை கன்டென்ட்-டைப்களை மட்டும் முன் அனுமதி கேட்காமல் வேற்றுத் தளத்துக்கு அனுப்ப விடும். சாதாரணப் படிவம், மல்டிபார்ட் படிவம், டெக்ஸ்ட்/பிளெய்ன். எச்டிஎம்எல் படிவங்கள் ஆதியிலிருந்தே அனுப்பிவந்தவை என்பதால் இவற்றுக்கு விலக்கு. ஜேசான் என்றால், ‘அனுப்பலாமா?’ என்று சர்வரிடம் முதலில் கேட்டு, சம்மதம் வந்தால்தான் அனுப்பும். தங்கள் ஏபிஐ ஜேசானை மட்டுமே ஏற்கிறது, ஆகவே பாதுகாப்பு என்று பலர் நம்பியிருப்பது இந்த விதியைத்தான்.

தாக்குபவர் ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்; அப்ளிகேஷன்/ஜேசான்’ என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரவுசர் இலக்கணப்படி படிக்கிறது: வகை டெக்ஸ்ட்/பிளெய்ன், அரைப்புள்ளிக்குப் பின்னால் சமக்குறி இல்லாத ஏதோ குப்பை. முன் அனுமதி கேட்காமல் அனுப்பிவிடுகிறது. சர்வர் ‘அப்ளிகேஷன்/ஜேசான் உள்ளே இருக்கிறதா?’ என்று தேடுகிறது. இருக்கிறது. உடலை ஜேசானாகப் பிரித்து, உங்கள் குக்கியை நம்பி வேலையை முடித்துவிடுகிறது.

2022 நவம்பரில் நோட் உலகின் பிரபல ஃபிரேம்வொர்க்கான ஃபாஸ்டிஃபை இந்த வகைப் பிழை ஒன்றைத் திருத்தியது. பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ அதற்கு முந்தைய ஆண்டே திருத்தியிருந்தது. அங்கே நிலைமை இன்னும் வெளிப்படை: வரி டெக்ஸ்ட்/பிளெய்ன் என்று சொன்னாலும், உடலை ஜேசானாகப் படிக்க முயன்றுவிடும். பதிப்பு 0.65.2 முதல்தான் வகை ஜேசானாகவோ ஜேசான் சார்ந்த வேறொன்றாகவோ இருந்தால் மட்டும் படிப்பது என்று ஆனது.

‘ஜேசான் சார்ந்த வேறொன்று’ என்பதும் விளையாட்டில்லை. கிட்ஹப் தன் ஏபிஐக்குத் தனி வகைப் பெயர் வைத்திருக்கிறது. வரைபடத் தரவுக்கு ஒரு பெயர், பிழை விவரத்துக்கு ஒரு பெயர். எல்லாவற்றின் வாலிலும் ‘+ஜேசான்’ என்று இருக்கும். 2013 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 6838 இந்த வால்களுக்கு முறையான இடம் கொடுத்தது. உட்பிரிவைத் தனியாகப் பிரித்தெடுத்து அதன் வாலைப் பார்ப்பவருக்கு இது ஒரு வரி வேலை. முழுச் சரத்தில் தேடுகிறவர் இன்னொரு ஓட்டையைத் திறக்கிறார்.

ஃபாஸ்டிஃபை 2025 ஏப்ரலில் மறுபடி செய்தியில் வந்தது. இந்தக் கதை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. வகைக்கு ஒரு சரிபார்ப்பு என்று அதில் அமைக்கலாம்: ஜேசான் வந்தால் வயது எண்ணாக இருக்க வேண்டும், மின்னஞ்சல் இன்ன வடிவில் இருக்க வேண்டும் என்பது போல. ‘அப்ளிகேஷன்/ஜேசான்’ என்பதில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கியோ, அரைப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்தோ அனுப்பினால், உடலைப் பிரிக்கும் பகுதி அதை ஜேசானாகவே ஏற்றுக்கொண்டது. சரிபார்ப்பைத் தேடும் பகுதியோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ‘இந்த வகைக்கு விதி எதுவும் இல்லை’ என்று விட்டுவிட்டது. சரிபார்ப்பே நடக்காமல் தரவு உள்ளே போனது. முதலில் வந்த 5.3.1 திருத்தம் முழுதாக அடைக்கவில்லை, 5.3.2-ல்தான் அடைபட்டது. திறமையான, கவனமான குழு. அவர்களுக்கே இரண்டு முறை எடுத்தது என்றால், அவசரத்தில் எழுதிய ஓர் இஃப் எவ்வளவு தாங்கும்?

இதுவரை பார்த்தது அனுப்பும் பொருளின் வகை. ‘எனக்கு இன்ன வகையில் பதில் கொடு’ என்று கேட்கும் அக்செப்ட் ஹெடர் இதன் உடன்பிறப்பு. அதில் பல வகைகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ‘கியூ’ என்று 0 முதல் 1 வரை விருப்ப மதிப்பு கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் 1 என்று பொருள். 0 என்றால் ‘வேண்டவே வேண்டாம்’. நட்சத்திரக் குறி எதையும் குறிக்கும்.

‘டெக்ஸ்ட்/*; கியூ=0.3, டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; கியூ=0.7, */*; கியூ=0.5’ என்று ஒரு வரி வருகிறது. டெக்ஸ்ட்/பிளெய்னுக்கு எத்தனை மதிப்பு? பொருந்துகிறவற்றில் பெரியதை எடுத்து 0.5 என்று விடை சொல்லும் நிரல்கள் நிறைய உண்டு. சரியான விடை 0.3. எது அதிகம் குறிப்பாகச் சொல்கிறதோ அதற்குத்தான் முதலிடம். எண்ணின் அளவு அதற்கு அடுத்துத்தான் வரும்.

கணக்கைச் சரியாகப் போட்டும் வியப்பான விடை வருவதுண்டு. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் வெப் ஏபிஐ 2012-ல் வந்தபோது, அதில் எழுதிய சேவையைக் குரோமில் திறந்து பார்த்தவர்களுக்கு ஜேசானுக்குப் பதில் எக்ஸ்எம்எல் வந்து நின்றது. ‘ஜேசான் எப்படி வரவழைப்பது?’ என்று அந்நாளில் எங்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரவுசர் எச்டிஎம்எல்லை முதலில் கேட்டு, எக்ஸ்எம்எல்லுக்கு 0.9, மற்ற எல்லாவற்றுக்கும் 0.8 என்று சொல்லியிருந்தது. ஜேசான் ‘மற்ற எல்லாவற்றிலும்’ சேர்ந்தது. 0.9 வென்றது. பிரவுசர் பக்கங்களை மனத்தில் வைத்து எழுதிய விருப்பப் பட்டியலை, ஏபிஐ தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம். அடுத்து வந்த ஏஎஸ்பி.நெட் கோர், பிரவுசரிடமிருந்து வரும் அக்செப்ட் வரியை இயல்பாகவே கண்டுகொள்வதில்லை. ரூபி மொழியின் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கும் அப்படித்தான்: காற்புள்ளியோடு சேர்ந்து ‘*/*’ இருந்தால் இது பிரவுசர் என்று ஊகித்து ஒதுக்கிவிடும்.

ஜாவாவோடு சேர்ந்தே வரும் எச்டிடிபி வகுப்பு பல ஆண்டுகளாக அனுப்பிவந்த அக்செப்ட் வரியில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. சாய்கோடு இல்லாத ஒற்றை நட்சத்திரம் ஒன்று. முன்னால் சுழியம் இல்லாத ‘.2’ என்ற கியூ மதிப்பு மற்றொன்று. இலக்கணத்தை வரிக்கு வரி பின்பற்றிய பார்சர்கள் இதில் முட்டி நின்றன. லட்சக்கணக்கான ஜாவா நிரல்களைத் திருத்த முடியாது என்பதால் சர்வர் பக்கம்தான் இறங்கிவர வேண்டியிருந்தது.

அப்படியானால் கண்டிப்பா, தாராளமா? இரண்டு ஹெடருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அக்செப்ட் என்பது விருப்பம். தவறாகப் படித்தால் கேட்டவருக்குப் பிடிக்காத வடிவில் பதில் போகும், அவ்வளவுதான் நஷ்டம். பொருத்தமான வகை எதுவும் இல்லாவிட்டால் 406 சொல்லலாம், அல்லது தன்னிடம் இருப்பதையே கொடுக்கலாம் என்று ஆர்எஃப்சி 9110-ம் தாராளமாகத்தான் இருக்கிறது. கன்டென்ட்-டைப் அப்படி அல்ல. வெளியாள் அனுப்பிய பைட்டுகளை எந்தப் பார்சருக்குள் ஊற்றுவது என்று அது தீர்மானிக்கிறது. அங்கே சந்தேகம் வந்தால் 415 என்று சொல்லிக் கதவைச் சாத்துவதே முறை.

தாராளம் என்றால் வந்ததை அப்படியே உள்ளே விடுவது என்று அர்த்தமில்லை. 2019 மார்ச்சில் ரெயில்ஸில் திருத்தப்பட்ட சிவிஇ-2019-5418 இதற்குச் சாட்சி. எந்த டெம்ப்ளேட் கோப்பைக் காட்டுவது என்று தேடும்போது, அக்செப்ட் வரியில் கேட்ட வகையும் கோப்புப் பெயர்த் தேடலில் சேரும். தெரிந்த வகைகளை மட்டும் சேர்த்திருந்தால் வம்பில்லை. தெரியாத எழுத்தும் அப்படியே சேர்ந்ததால், இரண்டு புள்ளி, சாய்கோடு என்று மாறி மாறி எழுதி மேலே ஏறி, சர்வரில் இருக்கும் பயனர் பட்டியல் கோப்பையே பதிலாக வாங்க முடிந்தது. ‘ரெண்டர் ஃபைல்’ என்ற வசதியை, வகை இன்னது என்று குறிப்பிடாமல் பயன்படுத்திய தளங்கள் இதில் மாட்டக்கூடியவை. ஸ்ட்ரட்ஸின் இரண்டாவது தவறு இங்கே வேறு மொழியில், வேறு ஹெடரில் திரும்ப வந்தது.

வாங்கும் பக்கமும் தப்பவில்லை. மாஸ்டடான் என்ற சமூக வலைப்பின்னலின் சர்வர்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கணக்கு விவரங்களை வாங்கிக்கொள்கின்றன. ஒரே முகவரியில் மனிதருக்கு எச்டிஎம்எல் பக்கமும், சர்வருக்கு ஆக்டிவிட்டி+ஜேசானும் கிடைக்கும். அக்செப்ட் ஹெடர் முறையாகப் பயன்படும் அழகான இடங்களில் இது ஒன்று. ஆனால் வந்த பதிலின் கன்டென்ட்-டைப்பை மாஸ்டடான் போதுமான அளவு சோதிக்கவில்லை. பயனர்கள் எந்தக் கோப்பையும் ஏற்றலாம் என்று இடம் கொடுக்கும் ஒரு சர்வரில், கணக்கு விவரம் போலவே எழுதிய கோப்பு ஒன்றை ஏற்றிவைத்தால், அது அந்த சர்வரே சொன்ன வாக்குமூலமாக மற்ற சர்வர்களால் எடுத்துக்கொள்ளப்படும். அந்த சர்வரில் இருக்கும் வேறொருவராக வேடம் போட இது போதும். 2024 பிப்ரவரியில் 4.2.7 பதிப்பில் இதைத் திருத்தினார்கள்.

அதே மாதம் வந்த இன்னொரு எச்சரிக்கை, பார்சர் எழுதுவதும் லேசான வேலை இல்லை என்று காட்டியது. பைத்தான்-மல்டிபார்ட் லைப்ரரி இந்த வரியைப் பிரிக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்தியது. மேற்கோள் குறிக்குப் பின்னால் பின்சாய்வுக் கோடுகளை வரிசையாக அடுக்கி அனுப்பினால், அந்த எக்ஸ்பிரஷன் எத்தனை விதமாகப் பொருந்தலாம் என்று தேடிக்கொண்டே சிபியூவை விழுங்கும். ஒரு ஹெடர் வரியால் சர்வர் நின்றுபோகும். 0.0.7 பதிப்பில் ரெகுலர் எக்ஸ்பிரஷனையே தூக்கிவிட்டார்கள்.

ஆகவே சொந்தமாக எழுதாதீர்கள் என்பதுதான் முதல் பரிந்துரை. கோ மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் மைம் வரியைப் பிரிக்கும் செயற்கூறு இருக்கிறது. ஜாவாவில் ஸ்பிரிங்கின் மீடியாடைப் வகுப்பு இருக்கிறது. நோடில் ‘கன்டென்ட்-டைப்’ என்ற பெயரிலேயே ஒரு பேக்கேஜ் இருக்கிறது. பைத்தானில் பலர் பயன்படுத்திவந்த சிஜிஐ மாட்யூல் 3.13 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டதால், பழைய நிரலை நகலெடுப்பவர்கள் அங்கே கவனிக்க வேண்டும்.

கோரிக்கை நுழையும் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், வரியைப் பிரித்து வகை, உட்பிரிவு, அளவுருக்கள் என்று ஒரு பொருளாக்கிக்கொள்ள வேண்டும். பிரிக்க முடியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உங்களிடம் இருக்கும் ஏற்கத்தக்க வகைகளின் பட்டியலில் எது பொருந்துகிறதோ, அந்தப் பட்டியலில் உள்ள பெயர்தான் உள்ளே போக வேண்டும். வெளியிலிருந்து வந்த எழுத்து போகக் கூடாது. உடலைப் பிரிப்பவர், சரிபார்ப்பவர், லாக் எழுதுபவர் எல்லோரும் அந்த ஒரே முடிவைத்தான் பார்க்க வேண்டும். பிழைச் செய்தியில் வந்த வரியைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், அது வெறும் எழுத்தாகவே போகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். அக்செப்டைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்றால் ‘வேரி: அக்செப்ட்’ என்ற வரியையும் சேர்த்தனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கேஷ், ஒருவருக்குப் போன ஜேசானைப் பக்கம் கேட்ட இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் வெப் சர்வீஸ் எழுதுகிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் டெஸ்ட் சர்வருக்கு, ஜேசானை ஏற்கும் ஏதாவது ஒரு முகவரிக்கு, நான்கு கோரிக்கைகளை அனுப்பிப் பாருங்கள். முதலாவதில் ‘அப்ளிகேஷன்/ஜேசான்; கேரக்டர்செட்=யூடிஎஃப்-8’. இரண்டாவதில் அதையே முழுக்கப் பெரிய எழுத்தில். மூன்றாவதில் அரைப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு. இந்த மூன்றையும் சர்வர் ஏற்று, உங்கள் சரிபார்ப்பு விதிகளையும் மறக்காமல் ஓட்ட வேண்டும். நான்காவதில் ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்; அப்ளிகேஷன்/ஜேசான்’ என்று எழுதுங்கள். அதற்கு 415 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அடுத்த இதழ் வருவதற்குள் அந்த வரியைப் படிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்துத் திருத்திவிடுங்கள்.

(தொடரும்)